மதுரையில் வாடகைக்கு எடுத்த 150–600 லென்ஸ்: தேக்கடிப் படகில் இரண்டு சவாரி

அரையாண்டு விடுமுறைக்குக் குடும்பத்தோடு தேக்கடி போவதென்று முடிவானதும், வீட்டிலிருக்கும் கேமராவுக்கு 150–600 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு நீளமான லென்ஸை வாடகைக்கு எடுத்தேன். இந்த எண் கூடக் கூடத் தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும். டவுன்ஹால் ரோட்டையொட்டிய ஒரு சந்தில், கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்குக் கேமராவும் விளக்கும் வாடகைக்கு விடும் கடை அது. நாளொன்றுக்கு 1,200 ரூபாய் வீதம் மூன்று நாள் வாடகை, 10,000 ரூபாய் முன்பணம், ஆதார் நகல். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. திரும்பி வந்து 612 படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டே இதை எழுதுகிறேன். பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு பெரியாறு புலிகள் காப்பகத்துக்குப் போகிறவர் இப்படி ஒரு லென்ஸை வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்டால், தாராளமாக எடுக்கலாம். ஆனால் 150–600 வேண்டாம், 100–400 கேட்டு வாங்குங்கள் என்பேன்.

எங்களுடையது ஏபிஎஸ்-சி எனப்படும் சற்றுச் சிறிய சென்சார் (படம் பதியும் சில்லு) கொண்ட கேமரா. அதனோடு வந்த 18–55 லென்ஸில், 100 மீட்டர் தள்ளி நிற்கும் யானை படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குதான் வரும்; கரையில் ஏதோ கரும்புள்ளி தெரிகிறது என்று சொல்லிக்கொள்ளலாமே தவிர, அது யானைப் படம் ஆகாது. சிக்மா, டாம்ரான் ஆகிய இரு நிறுவனங்களும் 150–600 மில்லிமீட்டர் அளவில் ஜூம் லென்ஸ் செய்கின்றன. இரண்டும் ஏறத்தாழ 2 கிலோ எடை. 600இல் வைத்தால் லென்ஸின் துளை எஃப்/6.3க்கு மேல் திறக்காது; அதாவது உள்ளே வரும் வெளிச்சம் குறைவு. கடையில் அன்று கைவசம் இருந்ததை வாங்கிக்கொண்டோம்.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, கம்பம் வழியாகக் குமுளிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர். வழியில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். லென்ஸ் பையைப் பத்திரமாக இருக்கட்டும் என்று முன்சீட்டின் காலடியில், ஏசி காற்று நேராகப் படும் இடத்தில் வைத்துவிட்டேன். குமுளியில் இறங்கிப் பையைத் திறந்த மறுநிமிடமே முன்கண்ணாடி முழுவதும் பனி பூத்துவிட்டது. குளிர்ந்த கண்ணாடியில் வெளியிலிருக்கும் ஈரக்காற்று படுவதால் வருவது அது. துடைத்தாலும் மீண்டும் பூக்கும். வண்டியை நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில் படகுத்துறைக்குப் போய்ச் சேர்வதற்குள் தானாகத் தெளிந்தது. மறுநாள் திரும்பும்போது பையை டிக்கியில் வைத்தேன்.

படகைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எந்த லென்ஸ் ஒத்துவரும் என்பதை அந்தப் படகுதான் தீர்மானிக்கிறது. காலை 7.30க்கு முதல் படகு, மாலை 3.30க்குக் கடைசிப் படகு. ஒரு சவாரி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். எல்லாரும் உயிர்காப்பு உடை அணிந்து, தத்தம் இருக்கையில் உட்கார்ந்தே வர வேண்டும். 2009 செப்டம்பரில் இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தார்கள். அதை அறிந்த எவரும் இந்தக் கட்டுப்பாட்டைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆகவே எழுந்து நின்று கோணம் பார்ப்பது நடக்காது. முக்காலிக்கு இடமில்லை. ஒற்றைக்காலியைத் தரையில் ஊன்றினால் எஞ்சினின் அதிர்வு அப்படியே லென்ஸுக்கு ஏறிவிடுகிறது. பக்கத்துக் கம்பியில் லென்ஸைச் சாய்த்தாலும் அதே கதைதான். இரண்டு கிலோ லென்ஸையும் கேமராவையும் கையிலேயே தாங்க வேண்டும், அதுவும் முழங்கையை விலாவோடு ஒட்டவிடாத அந்தத் தடித்த உடையை மாட்டிக்கொண்டு. முதல் சவாரியில் கேமராப் பட்டையைக் கழுத்தில் போட்டு, அதன் மேலேயே உடையை அணிந்துவிட்டேன். பட்டை உள்ளே சிக்கிக்கொள்ள, கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவரவே முடியவில்லை. உடையை முதலில் அணிந்து, வாரையெல்லாம் இழுத்துக் கட்டி, அதற்குப் பிறகு பட்டையை மாட்ட வேண்டும்.

இந்த நிலையில் கை ஆட்டத்தில் படம் கலங்காமலிருக்க, ஷட்டர் வேகத்தை 1/1250 நொடிக்குக் கீழே இறக்கவில்லை. மாலைச் சவாரியில் அதற்குத் தடையில்லை. மேற்கு வெயில் கரைப்புல்லின் மேல் சாய்ந்து விழுந்தது, சென்சாரின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 800 போதுமானதாக இருந்தது. காலைச் சவாரி வேறு. மார்கழிப் பனி நீர்மேல் படர்ந்திருக்க, எஃப்/6.3இல் அதே வேகத்தைப் பிடிக்க ஐஎஸ்ஓ 3200க்கும் 6400க்கும் போக வேண்டியிருந்தது. ஐஎஸ்ஓவை அவ்வளவு ஏற்றியதால் படத்தில் புள்ளிகள் நிறையவே தெரிகின்றன. ஆனாலும் எனக்கு மிகவும் பிடித்த படங்கள் அந்த அரைமணி நேரத்தில் எடுத்தவைதான். பனிக்குள் வரிசையாக நின்ற பட்ட மரங்களைப் போல் ஒரு காட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்த மரங்கள் அணையால் வந்தவை. பென்னிகுவிக் கட்டிய முல்லைப்பெரியாறு அணை 1895இல் முடிந்து, தேங்கிய நீர் பள்ளத்தாக்கை மூடியபோது, உள்ளே நின்ற காட்டு மரங்கள் நின்ற நிலையிலேயே மூழ்கின. அவற்றின் கட்டைகள் இன்னும் நீருக்கு மேல் தலைநீட்டிக்கொண்டிருக்கின்றன. பறவைகளுக்கு அதைவிட நல்ல இருக்கை கிடையாது; படம் எடுப்பவருக்கோ, எந்த இடையூறும் இல்லாத பின்னணி. முதல் நாள் அப்படி ஒரு கட்டையைக் காட்டி, ஒன்பது வயது மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, அந்தக் கட்டையில பாம்பு நிக்குது!”

பாம்புத்தாரா. உடம்பு கட்டைக்குப் பின்னால் மறைந்திருக்க, கழுத்து மட்டும் வளைந்து மேலே நின்றது. படகு நெருங்க நெருங்க அது திரும்பி, நனைந்த சிறகு இரண்டையும் விரித்து வெயிலில் காயவைத்தது. ஏறத்தாழ 30 மீட்டர் தூரம். 600இல் வைத்திருந்தால் ஒரு சிறகின் நுனி படத்துக்கு வெளியே போயிருக்கும். 400க்கு இறக்கியபோதுதான் பறவையும், அது நின்ற கட்டையின் வெளுத்த நரம்புகளும், கீழே நீரில் அசையும் நிழலும் ஒரே படத்தில் அமைந்தன. சிறகின் மேலிருக்கும் வெள்ளிக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். பளபளக்கும் நீரைப் பின்னணியாகக் கொண்ட கரிய பறவையைக் கேமரா தன் போக்கில் எடுத்தால் வெறும் நிழலுருவமாகிவிடும் என்பதால், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) ஒரு படி கூட்டினேன்.

யானைக்கு இதற்கு நேர்மாறு செய்ய வேண்டும். மறுநாள் காலை கரையில் ஐந்து யானைகள், அவற்றில் ஒன்று குட்டி. நனைந்த யானை படத்தை நிறைத்து நிற்கும்போது கேமரா அதை வெளுத்த சாம்பல் நிறமாக்கிவிடும். மூன்றில் இரண்டு பங்கு படி குறைத்தால்தான் ஈரத்தோலின் கருமை நிற்கும். அளவையும் கணக்கிட்டுப் பாருங்கள். ஏபிஎஸ்-சி கேமராவில் 600 மில்லிமீட்டர் லென்ஸ் 100 மீட்டரில் காட்டுவது ஏறத்தாழ 4 மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும்தான். ஒற்றை யானையே அதில் நெருக்கியடித்துத்தான் நிற்கும். தாயும் குட்டியும் வேண்டுமென்றால் 300க்கு வர வேண்டும், கூட்டம் முழுவதும் வேண்டுமென்றால் 150கூட அதிகம். தாயின் முன்காலுக்கிடையில் புகுந்து தண்ணீரில் துதிக்கையை அளைந்த குட்டியை 280இல் எடுத்தேன். கூட்டம் மொத்தமும் கரையேறிக் காட்டுக்குள் போன காட்சியை மனைவி கைபேசியில் எடுத்ததே நன்றாக வந்திருக்கிறது.

600 முழுவதும் தேவைப்பட்டது நீர்நாய்களுக்கு மட்டும்தான். இரண்டு நீர்நாய்கள் ஒரு கட்டையில் ஏறி மீனைக் கடித்துக்கொண்டிருந்தன. உடல் சிறியது, தூரமும் அதிகம். 600இல் எடுத்தும் படத்தை வெட்டித்தான் பெரிதாக்க வேண்டியிருந்தது. மிளாக்களும் காட்டுப்பன்றிகளும் கிடைத்தன. அவற்றுக்கு 400 போதும்.

நீர்நாயைத் தேடி லென்ஸை ஓட்டிக்கொண்டிருந்தபோது அம்மா என் தோளைத் தொட்டார். அவர் பிறந்தது மேலூர்ப் பக்கம். பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீரில் நாற்று நட்டு வளர்ந்தவர்.

“ஏய்யா, இந்தத் தண்ணிதான நம்ம வயக்காட்டுக்கு வந்துச்சு? என்னய வச்சு இந்தத் தண்ணியோட ஒரு போட்டோ எடுய்யா.”

150–600 லென்ஸோடு பக்கத்து இருக்கையில் இருப்பவரைப் படமெடுக்க முடியாது. குறைந்தது 2 மீட்டராவது தள்ளி இருந்தால்தான் இது ஃபோகஸே பிடிக்கும். லென்ஸைக் கழற்றி மாற்றினால் சாரல் உள்ளே விழும். ஆகவே அதை மடியில் வைத்துவிட்டுக் கைபேசியில் எடுத்தேன். ஆரஞ்சு நிற உயிர்காப்பு உடையில், காற்றில் கலைந்த நரைமுடியோடு, பின்னால் ஏரி விரிந்து கிடக்க அம்மா சிரிக்கிறார். மனைவியோ மகளோ கைபேசியைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று முன்னமே பேசிவைத்தது மிகவும் பயன்பட்டது. அதேபோல் வாடகை லென்ஸ் அப்பாவின் உடைமையாக மட்டும் இருக்கக் கூடாது. ஃபோகஸ் புள்ளியை நடுவில் நிறுத்தி, அசையும் பொருளை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸில் வைத்து, அடியில் என் கையைக் கொடுத்து மகளிடம் தந்தேன்; அவள் எடுத்த நீர்க்காகம் துல்லியமாக வந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும், எந்தப் படம் எத்தனை மில்லிமீட்டரில் எடுக்கப்பட்டது என்பதைக் கணினியில் பிரித்துப் பார்த்தேன். 612 படங்களில் 400க்கு மேல் எடுத்தவை 97. அவற்றில் கை ஆடாமல் தெளிவாக வந்தவை 20கூடத் தேறவில்லை. அந்த இருபதிலும் பாதி நீர்நாய்கள். நான் வைத்துக்கொள்ள விரும்பும் படங்களில் பெரும்பாலானவை 200க்கும் 400க்கும் இடைப்பட்டவை. 100–400 லென்ஸ்கள் பலவும் இதைவிட அரைக் கிலோவுக்கு மேல் எடை குறைவு. ஒன்றரை மணி நேரம் கையில் தாங்கும்போது அந்த அரைக் கிலோ தோளுக்குத் தெரியும். தரையில் மறைவிடத்தில் உட்கார்ந்து, முக்காலி போட்டுப் பறவைக்காகக் காத்திருப்பவருக்கு 600 அவசியம்தான்; ஆடும் படகில் குடும்பத்தோடு போகிறவருக்கு அது சுமை. கோடையில் ஏரி வற்றி, விலங்குகள் நீரைத் தேடிக் கரைக்கு அதிகம் வரும் நாள்களுக்கும் இதையே சொல்வேன்.

கடையைப் பற்றி: லென்ஸ் சுத்தமாக இருந்தது, கண்ணாடியில் கீறலோ பூஞ்சையோ இல்லை, நல்ல பையும் தந்தார்கள். வாங்கும்போது இருந்த பையன், ஜூம் வளையத்தின் பூட்டைக் காட்டி, “அண்ணே, கழுத்துல தொங்கும்போது இதப் போட்டுக்கங்க, இல்லைன்னா தானா நீண்டுரும்” என்று சொல்லிக்கொடுத்தது நல்ல உதவி. திருப்பிக் கொடுக்கும்போது வேறொருவர் இருந்தார். லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பான ஹுட்டில் ஒரு கீறலைக் காட்டி 500 ரூபாய் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். வாங்கிய அன்றே கடை வாசலில் நின்று ஹுட், மூடி, பின்பக்க வளையம் எல்லாவற்றையும் கைபேசியில் படமெடுத்திருந்தேன். அதே கீறல், தேதியோடும் நேரத்தோடும் அதில் இருந்தது. பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் முன்பணம் முழுவதையும் எண்ணிக் கொடுத்துவிட்டார். வாங்கும்போதே கீறல்களை ரசீதில் குறித்துக் கொடுக்கும் வழக்கத்தை அந்தக் கடை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். கோடை விடுமுறைக்கு 100–400 வேண்டும் என்று அங்கேயே பெயர் எழுதிவைத்துவிட்டு வந்திருக்கிறேன்.