ஸ்கூட்டர் எடுக்கலாமா என்று கேட்ட டீச்சருக்கு

எங்கள் பாடசாலைக்குப் புது நியமனத்தில் வந்திருக்கும் டீச்சர், "அக்கா, உங்கள மாதிரி ஸ்கூட்டர் எடுக்கவா, இல்ல கியர் பைக்கே எடுத்துப் பழகவா?" என்று கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. முதல் நாள்தான் பின் பிரேக் ஷூவை மறுபடியும் மாற்றி, கராஜ் மெக்கானிக் பாஸிடம் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். பதிலில் கொஞ்சம் சூடு இருந்தால் அதுதான் காரணம்.

என்னுடையது 110 சிசி, செகண்ட் ஹேண்ட். 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, பழைய வண்டிக்கெல்லாம் வாய்க்கு வந்த விலை சொன்ன காலத்தில் வாங்கியது. சீட்டுக்கு அடியில் ஒரு வகுப்பின் கொப்பிகள் அடங்கும். பெற்றோல் செலவிலும் குறை இல்லை. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வாரத்துக்கு 4 லீற்றர் அடித்த நாட்களிலும் வேலைக்குப் போய்வந்தேன். ஏற்றத்திலும் முக்காமல் ஏறும்.

இறக்கத்தில்தான் வினை. கியர் பைக் என்றால் இரண்டாம் கியரில் போட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டரில் வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் கிளட்ச் தானாக விட்டுவிடும். அப்புறம் வண்டி சும்மா உருளும். பாரம் முழுக்க பிரேக் தலையில். மலையகத்தில், ஹட்டன் பக்கத்து நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து ரோடு வளைவுக்கு மேல் வளைவு, முடக்குக்கு முடக்கு. பாதி வழியிலேயே லீவர் கைப்பிடியைத் தொடும், கருகல் வாடை வரும். எத்தனை ஷூ மாற்றினாலும் இதே கதைதான்.

பழகுகிறவர் மாட்டும் எல் போர்டோடு ஓடிய காலத்தில், அப்படி வாடை வந்த ஒரு நாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பக்கம் நிறுத்தித் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தேன். பழைய பைக்கில் பாண் பெட்டி கட்டிக்கொண்டு பின்னால் வந்தவர் சட்டென்று நின்றார். "தண்ணி ஊத்திறாதீங்க டீச்சர், சூட்டுல ட்ரம் வெடிப்பு விட்டுரும்." ஆறும்வரை கூடவே நின்றார். பிறகு என் ஸ்கூட்டரில் ஏறி, அந்த முடக்கில் இறங்கிக் காட்டினார். "உருள ஆரம்பிச்சதும் லேசா ஒரு முறுக்கு. கிளட்ச் பிடிச்சிரும். அப்புறம் எக்ஸிலேட்டர விட்டாலும் எஞ்சின் இழுத்துப் பிடிக்கும். ரொம்ப மெதுவாக்குனா மறுபடி விட்டுரும், மறுபடி முறுக்குங்க." ஓட்டப் பழகக் காசு கட்டிய இடத்தில் இதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. அவர் பாண் ஆறிப்போனதுதான் மிச்சம்.

இப்படிப்பட்டவர்கள் இந்த ரோட்டில் நிறையப் பேர். ஸ்டாண்டை மடக்காமல் கிளம்பிப் பாருங்கள், எதிரே வருகிற பைக்காரர் லைட்டை அடித்து, இடது காலை ஆட்டிக் காட்டிவிட்டுத்தான் போவார். சிக்னலை அணைக்க மறந்தால் விரல்களை மூடித் திறப்பார். டிக்கோயாப் பக்கம் மூடுபனி இறங்கிய ஒரு மாலை, முன்னால் போன யாரோ ஒருவர் எனக்காகவே வேகத்தைக் குறைத்து, தன் பின் லைட்டைக் காட்டிக்கொண்டே ஹட்டன் வரை கூட்டிப்போனார். டவுன் வந்ததும் கையைத் தூக்கிவிட்டுத் திரும்பிவிட்டார். தமிழா சிங்களமா என்றுகூடத் தெரியாது.

சரி, எல்லாம் தேன் இல்லை. உதவியோடு பிரசங்கமும் வரும். ஆடிய கண்ணாடியை இறுக்கித் தந்த அண்ணன் ஒருவர், அதே மூச்சில், "மாஸ்டர ஓட்டச் சொல்லிட்டு நீங்க பின்னால இருந்து வரலாமே" என்றார். டிசம்பரில் சிவனொளிபாத மலை யாத்திரை சீசன் தொடங்கினால் மே வரை மஸ்கெலியா ரோட்டில் கீழ்நாட்டு பைக் கூட்டம். ஜாக்கெட் போட்ட சிலர் முடக்கில் ஹோர்ன் அடித்தே நம்மை ஓரங்கட்டுவார்கள். அவர்களைப் பற்றி நல்லது சொல்ல மனமே வராது. ஆனால் மண் சரிந்து ரோடு சேறான நாளில் என் ஸ்கூட்டரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி அந்தப் பக்கம் வைத்ததும் ஒரு ஜாக்கெட் கூட்டம்தான். அவர்களில் ஸ்கூட்டரில் வந்த பையனுக்கு அந்த லேசான முறுக்கைச் சொல்லிக்கொடுத்தேன். "ஹரி மிஸ்" (சரி மிஸ்) என்று சிங்களத்தில் சொல்லித் தலையாட்டினான். கேட்டானோ என்னவோ.

எல் போர்டைக் கழற்றியதும் இந்த உபசாரம் பாதியாகிவிட்டது என்பது என் கணக்கு. ஸ்டாண்டுக்காகக் காலை ஆட்டிக் காட்டுவது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

ஆக, டீச்சர், கியர் பைக்கே எடுங்கள். ஹட்டன் டவுனுக்குள் மட்டும் ஓடுவதென்றால் ஸ்கூட்டர் போதும். தோட்டத்து இறக்கத்துக்கு அது வேண்டாம். 2025இல் இறக்குமதி திறந்த பிறகு புது வண்டிகளும் வருகின்றன, பார்த்து எடுக்கலாம். "அப்போ உங்கட வண்டிய வித்துட்டு நீங்களும் மாத்துவீங்களா?" என்றார். மாட்டேன். ஏனென்று கேட்டால் பதில் இல்லை, பாஸ் கடையில் அடுத்த ஷூவுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் எதை எடுத்தாலும் எல் போர்டைக் கொஞ்சம் பெரிதாகவே மாட்டுங்கள்.