குளிர்பதனக் கட்டணம் வாங்கிக்கொண்டு சாதாரண வண்டியில் அனுப்புகிறார்கள்: சாக்லேட் விற்பவர்கள் கவனத்திற்கு

வெயில் மாதங்களில் சாக்லேட், வெண்ணெய், பாலாடைக்கட்டி போன்ற வெப்பம் தாங்காத உணவுப் பொருட்களை இணையவழியில் விற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குளிர்பதன வசதியுடன் கொண்டு சேர்ப்பதாக உறுதியளித்து, சாதாரணச் சேவையைவிடப் பன்மடங்கு கட்டணம் வசூலித்த ஒரு கூரியர் நிறுவனம், எங்கள் பார்சல்களைக் குளிர்சாதனமே இல்லாத வண்டிகளில் அனுப்பி வந்தது.

வாடிக்கையாளர்கள் அனுப்பிய படங்களில் சாக்லேட் கட்டிகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டி, மீண்டும் இறுகி, மேலே வெண்படலம் படிந்து கிடந்தன. நிறுவனத்தாரிடம் கேட்டபோது, எங்கள் பேக்கிங் சரியில்லை என்றார்கள். ஆகவே, குறிப்பிட்ட இடைவெளியில் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளும் சிறிய டேட்டா லாகர் கருவியை ஒரு பார்சலுக்குள் வைத்து, உறவினர் ஒருவரின் முகவரிக்கு அனுப்பினோம். குளிர்பதன வண்டியில் சென்றிருந்தால் அதன் வரைபடம் பெரும்பாலும் சமமாக ஓடியிருக்க வேண்டும். அதில் தெரிந்ததோ, சில மணி நேரம் 18 டிகிரி செல்சியஸை ஒட்டி நின்று, பிறகு நண்பகலில் 41 வரை ஏறி, இரவில் இறங்கி, மறுநாள் நண்பகலில் மறுபடியும் ஏறிய கோடு. வெளியே அடித்த வெயிலை அந்தப் பார்சல் அப்படியே வாங்கியிருக்கிறது.

தரமான சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரியில் உருகிவிடும். அதற்கு முன்பே இளகத் தொடங்கும். உருகியது தானாக இறுகும்போது கொழுப்பின் படிகங்கள் வேறு வடிவில் அமைவதால்தான் அந்த வெண்படலம் தோன்றுகிறது. அது பூஞ்சை அன்று, உண்பதற்குக் கேடும் இல்லை. ஆனால் பரிசளிக்க வாங்கியவரிடம் இந்த விளக்கத்தைச் சொல்லி என்ன பயன்? கிரீம் நிரப்பிய வகைகளைப் பற்றித்தான் நான் உண்மையில் அஞ்சினேன். 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பநிலையில் பாக்டீரியாக்கள் பெருகக்கூடும் என்பதால், அவற்றைப் பெற்ற அனைவரையும் அழைத்து, உண்ணாமல் எறிந்துவிடுமாறு கேட்டுக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

வரைபடத்தைக் காட்டியதும் நிறுவனத்தின் பதில் மாறியது. பெட்டிக்குள் ஜெல் பேக், அதாவது உறையவைத்த ஜெல் நிரப்பிய பை, வைப்பதையே தாங்கள் குளிர்பதனச் சேவை என்று குறிப்பிடுவதாக அவர்களுடைய பிரதிநிதி கூறினார். ஜெல் பேக் குளிரை உண்டாக்கும் கருவி அன்று. அது உருகி முடியும்வரை உள்ளே வரும் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும், உருகிய பின் பெட்டியின் வெப்பநிலை விரைவாக ஏறிவிடும். போதாக்குறைக்கு, உறைந்த ஜெல் பேக் சாக்லேட்டை நேரடியாகத் தொட்டால் ஈரம் கோத்து, சர்க்கரை கரைந்து, மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். இழப்பீடு கேட்டபோது, விரைவில் கெடும் பொருட்களின் சேதத்திற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்ற விதியை எடுத்துக் காட்டினார்கள். கெடும் பொருட்களுக்கென்றே விற்கும் சேவையில் இப்படியொரு விதியை வைத்திருப்பதை ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

இத்தகைய சேவைக்குப் பணம் கட்டுமுன், எந்த வெப்பநிலை வரம்புக்குள் பொருள் வைக்கப்படும், வண்டியிலும் பார்சல்களைப் பிரித்து அனுப்பும் கிடங்கிலும் குளிர் அறை உண்டா, வெப்பநிலைப் பதிவைக் கேட்டால் தருவார்களா என்பவற்றை எழுத்து வடிவில் பெறுங்கள். வாய்மொழி உறுதி எங்களுக்கு எதற்கும் உதவவில்லை. பொறுப்புத் துறப்பு விதிகளைக் கையொப்பமிடும் முன் முழுவதும் படியுங்கள். வார இறுதியில் கிடங்கில் தேங்காதபடி வாரத் தொடக்கத்திலேயே அனுப்புங்கள். விற்பனையைத் தொடங்குமுன் டேட்டா லாகர் வைத்த ஒரு பார்சலை நண்பகல் வெயிலில் பயணிக்கும்படி அனுப்பிப் பாருங்கள். அந்தக் கருவியின் விலை, திருப்பித் தர நேர்ந்த தொகையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. எங்கள் புகாருடன் வரைபடத்தையும் ரசீதுகளையும் இணைத்து அனுப்பியிருக்கிறோம். கூடுதலாக வசூலித்த கட்டணம் இதுவரை திரும்பி வரவில்லை.