பெங்களூரு சரளை மண்ணில் ஒரு ஹார்ட்டெயில்: உள்ளூர் எம்.டி.பி. (மவுன்டன் பைக்) பந்தயங்களில் ஓட்டிய அனுபவம்

2021இல் வாங்கிய சைக்கிள் இது. அலுமினியச் சட்டம், 29 அங்குலச் சக்கரம், முன்னால் மட்டும் 100 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன். அதாவது ஹார்ட்டெயில். அன்றிலிருந்து இன்றுவரை பெங்களூரைச் சுற்றி நடக்கும் கிராஸ் கன்ட்ரி பந்தயங்களில் இதைத்தான் ஓட்டுகிறேன். சட்டம், ஹேண்டில்பார், சீட்போஸ்ட் தவிர முக்கியமான பலவும் ஒரு கட்டத்தில் மாறிவிட்டன.

பந்தயத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த வண்டி வாங்கலாம் அண்ணா?" என்றுதான். 60,000 ரூபாய்க்குள் நல்ல ஹார்ட்டெயில் ஒன்றை வாங்குங்கள், கையில் மிஞ்சுவதை முதலில் டயரில் போடுங்கள் என்பேன். பலருக்கு இந்தப் பதில் ஏமாற்றமாக இருக்கிறது. கார்பன் சட்டம், இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் என்று கனவோடு வருகிறார்கள். ஆனால் இந்த ஊர் மண்ணைத் தெரிந்தவர்கள் யாரும் டயரை விட்டுவிட்டு வேறொன்றில் தொடங்க மாட்டார்கள்.

பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பாறை நிலம். லால்பாக்கில் எல்லோரும் ஏறி நின்று படமெடுக்கும் பாறையின் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள் என்கிறார்கள் நிலவியலாளர்கள். கனகபுரா சாலைப் பக்கம் துரஹள்ளிக் காட்டிலும் இப்படிப் பழைய பாறைகள்தான் ஆங்காங்கே முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கின்றன. அவை வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து சரளையாகின்றன. சோளக் குருணை அளவில், முனை கூராக, கெட்டியான செம்மண்ணின் மேல் பரவிக் கிடக்கும். ஜனவரி முதல் மழை வரும்வரை நிலைமை இதுதான். வெறும் பாறை காய்ந்திருந்தால் டயர் அதைக் கவ்விப் பிடிக்கும், பயமே இல்லை. பாறையிலிருந்து மண்ணுக்கு இறங்கித் திரும்பும் இடத்தில்தான் சரளை சக்கரத்துக்கு அடியில் உருண்டு, முன்சக்கரம் வெளிப்பக்கமாக வழுக்கிவிடும். யெலகங்கா பக்கம் அவலஹள்ளிக் காட்டில் கூடுதலாகத் தைல மர இலைகள். காய்ந்த இலையும் உரிந்த பட்டையும் பாதையை மூடிக் கிடக்கும்போது அடியில் வேர் இருக்கிறதா, குழி இருக்கிறதா என்பதே தெரியாது.

வண்டியோடு வந்த டயர்கள் 2.1 அங்குல அகலம், உள்ளே டியூப். 30 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்த அளவு) கீழே காற்றை இறக்கினால் பாறை விளிம்பில் மோதும்போது ரிம்முக்கும் பாறைக்கும் இடையில் டியூப் நசுங்கி, பக்கத்துக்கொன்றாக இரண்டு வெட்டு விழும். 30க்கு மேலே ஏற்றினால் சரளையில் வண்டி நிற்காது. எந்தப் பக்கம் போனாலும் இடிதான். அதனால் டியூப்லெஸ்ஸுக்கு மாறினேன். 2.25 அங்குல டயர், நடுவில் தாழ்வான, நெருக்கமான ரப்பர் பொத்தான்கள், ஓரத்தில் உயரமான, தனித்தனியாக நிற்கும் பொத்தான்கள். முன்சக்கரத்துக்கு ஓரப் பிடிமானம் அதிகமுள்ள டயர், பின்சக்கரத்துக்கு லேசாக உருளும் டயர். உள்ளே 100 மில்லிலிட்டர் சீலண்ட், அதாவது துளை விழுந்தால் தானே அடைக்கும் திரவம்.

என் எடை 68 கிலோ. பல மாதங்கள் மாற்றி மாற்றிப் பார்த்து இப்போது முன்னால் 19, பின்னால் 22 பிஎஸ்ஐயில் நிற்கிறேன். ஈரமாக இருந்தால் இரண்டிலும் ஒன்று குறைப்பேன். இந்த அளவுகளில் ஒரு பிஎஸ்ஐ வித்தியாசமே திருப்பத்தில் தெரியும். அடிக்கும் பம்பில் இருக்கும் முள் 160 பிஎஸ்ஐ வரைக்குமானது, 20க்குப் பக்கத்தில் அது காட்டுவதை நம்ப முடியாது. தனியாக ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். தொடக்கக் கோட்டில் நிற்கும்போது ஓசூரிலிருந்து வரும் தம்பி ஒருவன் என் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "அண்ணா, காத்து எவ்ளோ வெச்சிருக்கீங்க?" என்று கேட்பான். அவன் 58 கிலோ, அவனுக்கு முன்னால் 17 போதும். என் எண்ணை அப்படியே யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் எடை, உங்கள் ரிம், உங்கள் டயர் எதுவோ அதற்கேற்ப நீங்களே தேடிப் பிடிக்க வேண்டும்.

சீலண்ட் வேலை செய்வதை ஒருமுறை கண்ணால் பார்த்தால் பழைய முறைக்குத் திரும்ப மனம் வராது. ஒரு பந்தயத்தில் கடைசிச் சுற்றுக்கு முந்தைய சுற்று, பின்டயரில் கருவேல முள். முழங்காலுக்குக் கீழே திடீரென ஈரம், குனிந்து பார்த்தால் கெண்டைக்காலில் கோடு கோடாக வெள்ளைத் திரவம். ஒவ்வொரு சுழற்சிக்கும் "புஸ்... புஸ்..." என்று பீய்ச்சுகிறது. இறங்கி, துளை கீழே தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்தேன். சீலண்ட் அங்கே தேங்கியது, இரண்டு குமிழி வந்தது, சத்தம் நின்றது. ஏறி ஓட்டி முடித்தேன். காற்று கொஞ்சம் குறைந்திருந்ததுதான், பந்தயம் குலையவில்லை. ஒரு விஷயம் மட்டும் மறக்காதீர்கள். பெங்களூர் வெயிலிலும் சீலண்ட் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். சக்கரத்தைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே சளக் சளக் என்று கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் வால்வின் நடுக்கம்பியைக் கழற்றி மறுபடி ஊற்ற வேண்டிய நேரம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக் கிராஸ் கன்ட்ரியில் பிரிட்டன் வீரர் டாம் பிட்காக்குக்குப் பந்தயத்தின் நடுவே முன்டயர் பஞ்சரானது. சக்கரம் மாற்றி வருவதற்குள் அரை நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. கடைசிச் சுற்றில் பிரான்ஸின் விக்டர் கோரெட்ஸ்கியைத் தாண்டித் தங்கம் வென்றார். அவருக்குப் பிட்டில் (தடத்தோரம் பழுது பார்க்கும் இடம்) ஆள் நின்றது, கையில் சக்கரம் தயாராக இருந்தது. உள்ளூர்ப் பந்தயத்தில் நம் பாக்கெட்டில் இருப்பதுதான் நம் பிட். நான் எடுத்துப் போவது ஒரு டியூப், பெரிய துளையை அடைக்கும் பிளக் குச்சி, சிறிய பம்ப், செயின் இணைப்பு ஒன்று.

டயருக்கு அடுத்துப் பணம் போட வேண்டியது முன் ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் கவை. வண்டியோடு வந்தது ஸ்பிரிங் ஃபோர்க். சாலையில், லேசான காட்டுப் பாதையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பந்தய வேகத்தில் கற்படிகளில் இறங்கும்போது அமுங்கியது அதே வேகத்தில் எகிறும், எகிறும் வேகத்தைக் கட்டுப்படுத்த ரீபவுண்ட் திருகி கிடையாது. மூன்றாவது சுற்றில் உள்ளங்கை மரத்துப்போகும், பிரேக் லீவரில் விரல் இருக்கிறதா என்றே தெரியாது. செம்மண் தூசி சீலுக்குள் புகுந்து ஃபோர்க்கின் கால்களில் கோடு விழுந்ததும் காற்று ஃபோர்க் ஒன்றுக்கு மாறினேன். அரைக் கிலோவுக்கு மேல் எடை குறைந்தது. அதைவிடப் பெரிய லாபம், என் எடைக்கேற்பக் காற்றை வைத்து 20 விழுக்காடு சாக் (ஏறி உட்கார்ந்ததும் ஃபோர்க் அமுங்கும் அளவு) பார்த்து ஓட்ட முடிவது. இதற்குப் பிறகு இறக்கங்களில் பிறர் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடிகிறது.

ஃபோர்க் வாங்கும் முன் இரண்டு அளவுகளைப் பார்த்துவிடுங்கள். உங்கள் சட்டத்தின் தலைக்குழாய் நேரானதா, கீழே அகலும் வகையா என்பது ஒன்று. முன்ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பாகம்) அச்சு 9 மில்லிமீட்டர் க்விக் ரிலீஸா, 15 மில்லிமீட்டர் த்ரூ ஆக்ஸிலா என்பது இன்னொன்று. பொருந்தாவிட்டால் ஃபோர்க்கோடு சக்கரமும் சேர்ந்து மாற வேண்டியதாகிவிடும், செலவு இரட்டிப்பு. அப்புறம், ஃபோர்க்கின் கீழ்க்கால்களைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்றும் சர்வீஸ். ஃபோர்க் செய்யும் நிறுவனமான ராக்ஷாக்ஸ் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது. நம் தூசிக்கு அது மிகையில்லை. முதல்முறை ஒரு கடையில் கொடுத்தேன். வெளியே பளபளவென்று துடைத்துத் தந்தார்கள், உள்ளே பழைய எண்ணெய் அப்படியே இருந்தது. மனது மிகவும் கஷ்டப்பட்டது. இப்போது பனசங்கரியில் தருமபுரிக்காரர் ஒருவரிடம்தான் விடுகிறேன். "பக்கத்துல நின்னு பாருங்க தம்பி, அப்பதான் நீங்களே பண்ணக் கத்துப்பீங்க" என்று அழைத்து வைத்துக் காட்டுவார். சீல் மாற்றுவது, பிரேக்கில் எண்ணெய் மாற்றுவது எல்லாம் அவரிடம் கற்றதுதான்.

பிரேக் ஷிமானோவின் எம்.டி.200 ஹைட்ராலிக். விலை குறைந்த மாடல், ஆனால் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை. ஒரு விரல் போதும். மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும், வேறு சில பிரேக்குகளுக்கு ஊற்றும் டாட் திரவம் பட்டால் சீல்கள் கெட்டுவிடும். டிஸ்க்கில் "ரெசின் பேட் ஒன்லி" என்று பொறித்திருந்தால் உலோகப் பேட் போடக் கூடாது. ஈரச் சேற்றில் ரெசின் பேட் கரைவதைப் பார்த்துச் சிலர் உலோகத்துக்கு மாறப் பார்ப்பார்கள். மாற்றுவதென்றால் டிஸ்க்கையும் சேர்த்து மாற்றுங்கள்.

கியருக்கு வருவோம். முன்னால் 2 பல்சக்கரம், பின்னால் 9 என்று வந்தது. குலுங்கும் இறக்கத்தில் செயின் கழன்று விழுவது அடிக்கடி நடந்தது. முன்னால் ஒரே ஒரு 32 பல் நேரோ-வைடு சக்கரம் (செயினைக் கவ்வ அகலமும் குறுகலுமாக மாறி மாறிப் பற்கள்), பின்னால் ஷிமானோ டியோர் 11 வேகத்தின் 11-51 கேசட் (பல்சக்கர அடுக்கு), செயினை இறுக்கிப் பிடிக்கும் கிளட்ச் உள்ள டிரெய்லியர் (கியர் மாற்றும் பாகம்) என்று மாற்றிய பிறகு செயின் விழுந்ததே இல்லை. 11 வேகத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் கேசட் பழைய ஹப்பிலேயே ஏறும். ஷிமானோ 12 வேகத்தின் 10 பல்லுக்கு மைக்ரோ ஸ்ப்லைன் என்ற வேறு வகை ஹப் வேண்டும், அதாவது இன்னொரு சக்கரச் செலவு. செயினை அளவுகோல் வைத்துப் பார்த்து 0.5 விழுக்காடு தேய்மானத்தில் மாற்றிவிடுகிறேன். செயினுக்குச் சோம்பேறித்தனம் பார்த்தால் விலையுயர்ந்த கேசட்டுக்கு மோசம். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரிபாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. புதிதாக வாங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம்.

பந்தயம் எப்படி இருக்கும் என்றும் கேட்கிறார்கள். கிராஸ் கன்ட்ரி 1996 அட்லாண்டாவிலிருந்து ஒலிம்பிக் விளையாட்டு. நாம் ஓட்டுவதும் அதன் உள்ளூர் வடிவம்தான். நான்கைந்து கிலோமீட்டர் சுற்று ஒன்று, பிரிவுக்கேற்ப இத்தனை சுற்று என்று கணக்கு. புதியவர்களுக்குச் சுற்றுகள் குறைவு. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் விடியும்போதே கூடிவிடுவோம். எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி, சில நூறு மீட்டரில் ஒற்றையடிப் பாதைக்குள் நுழைய வேண்டும். அங்கே பின்னால் மாட்டிக்கொண்டால் முன்னால் இருப்பவர் பாறையில் கால் ஊன்றும்போதெல்லாம் நாமும் இறங்கித் தள்ள வேண்டும். அதனால் முதல் இரண்டு நிமிடம் நெஞ்சு வெடிக்க மிதிப்பது இந்தப் பந்தயத்தின் இயல்பு. பின்னாலிருந்து "சைடு, சைடு!" என்று குரல் வந்தால் இடம் விடுவது மரியாதை. சர்வதேச விதிப்படி, முதலில் போகிறவரின் முதல் சுற்று நேரத்தைவிட 80 விழுக்காடு மெதுவானவர்களை நிறுத்திவிடுவார்கள். நம்மூர்ப் பந்தயங்களில் பெரும்பாலும் இவ்வளவு கறார் இல்லை.

முடித்தவர்கள் யாரும் உடனே வீட்டுக்குப் போவதில்லை. கடைசி ஆள் வரும்வரை நின்று கை தட்டுவார்கள். ஏலக்கி வாழைப்பழத்தைத் தின்றுகொண்டே கன்னடம், தமிழ், தெலுங்கு எல்லாம் கலந்து எந்தத் திருப்பத்தில் யார் விழுந்தார்கள் என்று பேசிக்கொண்டிருப்போம். அல்சூர்ப் பையனுக்குக் கோலார்க்காரர் செயின் போட்டுக் கொடுப்பார். இந்த ஊரில் எனக்கு நெருங்கிய நண்பர்கள் பாதிப்பேர் இப்படிக் கிடைத்தவர்கள்.

எனக்கு இருக்கும் பெரிய கவலை தடங்களைப் பற்றியது. கனகபுரா சாலையில் 2021இல் மெட்ரோ சில்க் இன்ஸ்டிடியூட் வரை நீண்ட பிறகு துரஹள்ளியைச் சுற்றி அடுக்குமாடிகள் இன்னும் நெருங்கிவிட்டன. காட்டுக்குள் சைக்கிளை விடுவதா என்பது வனத்துறையின் முடிவு, அதை மதிக்க வேண்டும். போகும் முன் விசாரித்துவிட்டுப் போங்கள். மழை பெய்த மறுநாள் ஈரத் தடத்தில் ஓட்டி அதை உழுதுவிடாதீர்கள். தின்ற உறையைப் பாக்கெட்டிலேயே வையுங்கள். நடப்பவர்கள் எதிரே வந்தால் நின்று வழிவிடுங்கள். நாம் நடந்துகொள்வதைப் பார்த்துத்தான் அடுத்து வருகிறவர்களுக்குக் கதவு திறக்கும்.

சட்டத்துக்கு வயது தெரிகிறது. செயின் அடித்த இடத்தில் பெயின்ட் உரிந்திருக்கிறது, அடிக்குழாயில் கல் பட்ட குழிகள். விரிசல் எதுவும் இல்லை, ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன் வெல்டிங் இணைப்புகளைத் துணியால் துடைத்து விரலால் தடவிப் பார்க்கிறேன். பழைய வடிவமைப்பு என்பதால் தலைக்குழாய்க் கோணம் செங்குத்து, மிகச் செங்குத்தான இறக்கத்தில் உடலை நன்றாகப் பின்னால் தள்ள வேண்டியிருக்கிறது. சீட் அப்போது வயிற்றில் இடிக்கும். ஆகவே அடுத்து, ஓட்டும்போதே சீட்டைக் கீழே இறக்க உதவும் ட்ராப்பர் சீட்போஸ்ட். என் சீட்குழாய் 27.2 மில்லிமீட்டர், அந்த அளவில் வருபவை குறைவு, இறங்கும் உயரமும் கம்மி. சட்டத்துக்குள் கேபிள் நுழையத் துளை இல்லாததால் வெளியே கேபிள் ஓடும் வகையாகவும் இருக்க வேண்டும். தருமபுரி அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கிடைத்து, நாலைந்து மாதம் சரளையில் ஓட்டிப் பார்த்த பிறகு அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.