டர்பன் இதய-நுரையீரல் மையம் ஒன்றில் அப்பாவுக்குக் கிடைத்த சிகிச்சை

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் வசிக்கும் என் அப்பாவுக்கு, ஒழுங்கற்ற இதயத்துடிப்புக்காக வேறொரு மருத்துவமனையில் அப்லேஷன் (இதயத் திசுவைச் சுட்டுத் துடிப்பைச் சீராக்கும் சிகிச்சை) செய்திருந்தார்கள். நான்கு மாதங்கள் கழித்துத் தைப்பூசக் காவடியில் பாதி வழி நடப்பதற்குள் அவருக்கு மூச்சு இரைத்தது. சில நாட்களில் இருமலோடு இரத்தமும் வந்தது. காசநோய் மிகுந்த தென்னாப்பிரிக்காவில் முதல் சந்தேகம் அதன் மேல் விழுந்தது இயல்பே. சளிப் பரிசோதனையில் அது இல்லை என்று தெரிந்த பிறகு, நிமோனியா என்று இரண்டு முறை ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். அதற்கும் குணமாகாமல்தான் இந்த மையத்துக்குச் சென்றோம்.

இங்குள்ள மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்க்கும் முன்பே, இதயத்தில் முன்பு ஏதேனும் சிகிச்சை நடந்ததா என்று கேட்டார். அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி அது. நுரையீரலிலிருந்து இதயத்தின் இடது மேலறைக்கு இரத்தம் கொண்டுவரும் சிரைகள் பெரும்பாலோருக்கு நான்கு. அப்லேஷனில் அவற்றின் வாயைச் சுற்றியுள்ள திசுவைச் சுடுவதால், சூடு சிரைக்குள் பட்டுவிட்டால் வடு உண்டாகி அது சுருங்கக்கூடும் என்று படம் வரைந்து விளக்கினார். இரத்தம் நுரையீரலுக்குள் வந்துகொண்டே இருக்க, வெளியேறும் வழி குறுகும்போது அழுத்தம் ஏறி, நுண்குழாய்களிலிருந்து நீரும் இரத்தமும் காற்றுப்பைகளில் கசிகின்றன. எக்ஸ்ரேயில் நிமோனியாவாகத் தோன்றியது அந்தக் கசிவுதான்.

இரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம் ஸ்கேனில் இடப்பக்க மேல் சிரை நூலளவாகவும், கீழ்ச் சிரை முழுவதும் அடைபட்டும் இருந்தன. பலூனால் மட்டும் விரித்தால் மீண்டும் சுருங்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் மேல் சிரையில் ஸ்டென்ட் (அதைத் திறந்தே வைத்திருக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தார்கள். நெடுநாள் அடைபட்டிருந்த கீழ்ப்பகுதி பழைய நிலைக்குத் திரும்பாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். அந்த நேர்மைக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அலுவலகப் பிரிவின் வேலை இதற்கு ஈடாக இல்லை. மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) ஒப்புதலுக்கான கடிதத்தை அனுப்ப ஒன்பது நாட்கள் எடுத்துக்கொண்டார்கள். இரத்தம் துப்பும் ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் கொடுமையை அவர்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

ஸ்டென்ட்டும் குறுகக்கூடும் என்பதால், மூன்று மாதத்தில் எடுக்க வேண்டிய ஸ்கேனின் தேதியையும், உடனே வரவேண்டிய அறிகுறிகளையும் வீடு திரும்பும்போதே எழுதிக் கொடுத்தார்கள். முதல் மருத்துவமனை தந்த தாளில் இருமலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்பா இப்போது இரண்டாவது மாடிக்கு, இடையில் ஒரு முறை நின்று, தாமாகவே ஏறுகிறார்.