முதலில் கை போக வேண்டியது கால் அங்குல ராட்செட்டுக்கு

போல்ட் தலையைக் கவ்வும் கிண்ணம் போன்ற சாக்கெட்டை மாட்டி, ஒரு திசையில் போல்ட்டைத் திருப்பி, மறு திசையில் கிளிக் என்று வெறுமனே திரும்பி வரும் கைப்பிடிதான் ராட்செட். அதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அரை அங்குலத்தைத்தான் முதலில் எடுத்துப் பார்க்கிறார்கள். கனமாக இருக்கிறது, பிடி நீளமாக இருக்கிறது, எப்பேர்ப்பட்ட போல்ட்டும் இதற்கு அசைந்துகொடுக்கும் என்று நம்பிக்கை வருகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இயந்திர வேலையில் அதிக நேரம் கையில் இருக்கத் தகுதியானது கால் அங்குல ராட்செட். மற்ற இரண்டு அளவுகளும் அது முடியாத இடத்தில் வரட்டும்.

கால் அங்குலம், 3/8 அங்குலம், அரை அங்குலம் என்று சொல்வதெல்லாம் சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு. மில்லிமீட்டரில் 6.35, 9.5, 12.7. முனையின் முறுக்கு வலிமை பக்க அளவின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதால், அதே எஃகில் செய்த அரை அங்குல முனை, கால் அங்குல முனையைப் போல 8 மடங்கு தாங்கும். 3/8 அங்குலம் 3 மடங்குக்குச் சற்று அதிகம். பெரியதை வாங்கச் சொல்பவர்களின் வாதம் முழுவதும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. கணக்கில் பிழையில்லை. ஆனால் போல்ட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும்.

10ஆம் நம்பர் சாக்கெட் (வாய் அகலம் 10 மி.மீ.) பிடிக்கும் 6 மி.மீ. போல்ட்டுக்கு, சாதாரண 8.8 தரத்தில் (போல்ட் எஃகின் வலிமைக் குறி அது), சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். 8 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 25. 10 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 50. இன்ஜின் மூடிகள், பம்ப் உறைகள், சென்சார்கள், குழாய்க் கிளிப்புகள், ஒயர் தாங்கிகள், பிளாஸ்டிக் காப்புகள் என்று ஒரு வண்டியிலோ இயந்திரத்திலோ கழற்றி மாட்டும் சிறு போல்ட்டுகளை எண்ணிப் பாருங்கள். பெரும்பகுதி முதல் இரண்டு வகைக்குள் அடங்கிவிடும்.

6 மி.மீ. போல்ட்டை 12 செ.மீ. பிடியுள்ள கால் அங்குல ராட்செட்டால் முடுக்கினால், முழு இறுக்கம் வரக் கையில் எட்டரை கிலோ அளவுக்கு அழுத்தம் தேவை. நன்றாகவே உணரக்கூடிய அழுத்தம் அது. 25 செ.மீ. பிடியுள்ள அரை அங்குல ராட்செட்டில் அதே இறுக்கம் 4 கிலோவில் வந்துவிடும். சதை கொஞ்சம் கூடுதலாக இழுத்தாலும் கைக்குத் தெரியாது. அலுமினிய உடலில் வெட்டிய மரை அந்தக் கூடுதலைத் தாங்காது. உருவிக்கொண்டு வந்துவிடும், பிறகு துளையைப் பெரிதாக்கிப் புதிய மரைச் சுருள் இறக்கும் வேலை.

வால்வ் மூடியை மாட்டும்போது இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். சின்ன ராட்செட்டின் தலை உள்ளங்கைக்குள் அடங்கும். கட்டைவிரலைத் தலையின் மேல் வைத்து அழுத்தி, மற்ற விரல்களால் பிடியைத் திருப்பலாம். ரப்பர் கேஸ்கெட் நசுங்கத் தொடங்கும்போது எதிர்ப்பு மெத்தென்று கூடுகிறது. போல்ட்டின் அடி உலோகத்தில் அமர்ந்ததும் சட்டென்று கெட்டியாகிறது. அந்த மாற்றத்தை விரல்கள் பிடித்துவிட்டால் அங்கேயே நிறுத்தலாம். நீளப் பிடியில் மெத்தெனும் கட்டமும் கெட்டியாகும் கட்டமும் ஒரே இழுப்பில் கடந்துபோய்விடுகின்றன. விரல் உணர்வு, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சுக்கு மாற்று என்று சொல்ல வரவில்லை. அளவு குறிப்பிட்ட இடத்தில் அதைக் கொண்டுதான் முடிக்க வேண்டும். அது வரைக்குமான வேலையைச் செய்வது ராட்செட்.

இட நெருக்கடியில் சின்னதன் மேன்மை இன்னும் கூடுகிறது. 10ஆம் நம்பர் சாக்கெட்டையே இரண்டு முனை அளவுகளில் அருகருகே வைத்துப் பாருங்கள். போல்ட்டைப் பிடிக்கும் வாய் ஒன்றுதான். ஆனால் 3/8 அங்குலச் சாக்கெட்டின் பின்பக்கம் பெரிய சதுரத்தை உள்ளே வாங்க வேண்டியிருப்பதால் தடித்திருக்கிறது. வார்ப்பின் விலா எலும்பு ஒன்றை ஒட்டி போல்ட் உட்கார்ந்திருந்தால், அந்த இரண்டொரு மில்லிமீட்டர்தான் சாக்கெட் இறங்குமா, நிற்குமா என்று தீர்மானிக்கிறது.

அடுத்தது ராட்செட்டின் உள்ளே இருக்கும் சக்கரத்தின் பற்களின் எண்ணிக்கை. 24 பல் என்றால் ஒவ்வொரு பல்லுக்கும் பிடியை 15 பாகை திருப்ப வேண்டும். 36 பல்லுக்கு 10 பாகை, 72 பல்லுக்கு 5 பாகை. பாகையோடு பிடியின் நீளத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். 12 செ.மீ. பிடியில் 5 பாகை என்பது நுனியில் ஒரு சென்டிமீட்டர் நகர்வு. 25 செ.மீ. பிடியில் அதே 5 பாகைக்கு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டும். ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கையை நுழைத்து வேலை செய்பவருக்கு அந்த ஒரு சென்டிமீட்டர் பெரிய வரம். அதனால் சின்ன ராட்செட் வாங்கும்போது 72 பல்லுக்குக் குறையாமல் பாருங்கள். 90, 120 என்று மேலே போவதில் பெரிய லாபம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பல் நுண்ணியதாக ஆக, உள்ளே சேரும் அழுக்கும் கெட்டிப்பட்ட கிரீஸும் பிடிப்பைக் கெடுக்கும் வாய்ப்பு கூடுகிறது.

கடையில் விற்பவர்கள் அதிகம் பேசாத ஒன்று, பின்னோக்கித் திருப்பும்போது உள்ளே இருக்கும் உராய்வு. நட்டு தளர்ந்து விரலால் சுழலும் நிலைக்கு வந்ததும், கனமான ராட்செட்டைப் பின்னால் இழுத்தால் நட்டும் கூடவே திரும்பிவிடுகிறது. முன்னால் போன அரைச் சுற்று வீணாகிறது. சின்ன ராட்செட்டில் ஸ்பிரிங் மெல்லியது, உராய்வும் குறைவு. வாங்கும் முன் சதுர முனையை இரண்டு விரலால் பிடித்து, கிளிக் சத்தம் வரும் திசையில் சுழற்றிப் பாருங்கள். விரலுக்கு அடங்கிச் சுழன்றால் நல்ல சாமான். பல்லைக் கடித்துக்கொண்டு திருப்ப வேண்டியிருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

இனி 3/8 அங்குலம். ஒரே ஒரு ராட்செட்தான் வாங்க முடியும் என்றால் அதை வாங்குங்கள் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஸ்பார்க் பிளக், 8 மி.மீ. போல்ட்டுகள், 10 மி.மீ. போல்ட்டுகளில் பாதி, எல்லாம் அதன் கையில் சுகமாக நடக்கும். ஆனால் இரண்டு வாங்க வசதி இருந்தால், 3/8 அங்குலத்தை விட்டுவிட்டு, கால் அங்குல ராட்செட்டையும் அரை அங்குல நீளப் பிடியையும் ஜோடியாக வாங்கச் சொல்வேன். அந்தப் பிடியில் பல் இல்லை, பல்லைப் பிடிக்கும் நாக்கு இல்லை, உடைய ஒன்றுமில்லை. துருவேறி இறுகியதை அது அசைக்கும், அசைந்த பிறகு மிச்சச் சுற்றுகளைச் சின்னது கழற்றும். சிறிய சாக்கெட்டுகள் அரை அங்குலத்தில் கிடைக்காத இடத்தில், முதல் அசைவுக்கு ரிங் ஸ்பேனரைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இறுக்கத்தை உடைப்பதும் வேகமாகக் கழற்றுவதும் வெவ்வேறு வேலைகள். 3/8 அங்குலம் இரண்டையும் ஓரளவு செய்கிறது.

சின்ன ராட்செட்டுக்கு உண்மையான போட்டி வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது: ராட்செட் வைத்த ரிங் ஸ்பேனர். தலை மெல்லியது, சாக்கெட் உயரம் கிடையாது, நீண்ட போல்ட்டின் நுனி அதன் துளை வழியே வெளியே போய்விடும். மேலே இடமே இல்லாத இடத்தில் இதற்கு நிகரில்லை. ஆனால் திசை மாற்றும் விசை இல்லாத தட்டை வகையில் ஓர் ஆபத்து உண்டு. போல்ட் கழன்று வெளியே வர வர, ஸ்பேனரும் கூடவே ஏறி எதிரே உள்ள சுவரில் முட்டிக்கொள்ளும். போல்ட் தலைக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிய பிறகு, ஸ்பேனரை எடுக்க முடியாது, ஒரு திசையில் மட்டும் கடிப்பதால் போல்ட்டைத் திரும்ப உள்ளே செலுத்தவும் முடியாது. வெளியே எவ்வளவு இடம் இருக்கிறது என்று முதலிலேயே விரலால் அளந்து பார்த்துவிட்டு மாட்டுவது நல்லது. கால் அங்குல ராட்செட் அதே போல முட்டினாலும் விசையைத் தட்டி இரண்டு சுற்று உள்ளே விட்டால் விடுபட்டுவிடும், விசைக்கு விரல் எட்டினால்.

திறந்த வெளியில் இருக்கும் போல்ட்டுகளுக்கு டி வடிவக் கைப்பிடி இவை எல்லாவற்றையும் விட வேகமானது. ஒரு கை தண்டைத் தாங்க, மற்றொரு கை சுழற்றிவிட்டால் போதும். இடுக்கில் அதனால் பயனில்லை.

நீட்டிப்புத் தண்டுகளை விட்டுவிடக் கூடாது. கால் அங்குல ராட்செட்டின் பாதி மதிப்பு 5, 10, 15 செ.மீ. தண்டுகளில் இருக்கிறது. மெல்லியவை என்பதால் ஒயர்க் கட்டுகளுக்கு நடுவே நுழைந்துவிடும். ஆனால் நீளம் கூடக் கூடத் தண்டு சற்று முறுக்கிக்கொடுக்கும். இறுகிய போல்ட்டில் அந்த வளைவு கைக்குக் கிடைக்கும் உணர்வை மழுக்கிவிடும். அதனால் எட்டுகிற அளவுக்குள் மிகக் குட்டையானதையே போடுங்கள்.

சக்கர நட்டு, பிரேக் காலிப்பர் தாங்கி, சஸ்பென்ஷன் போல்ட்டுகள் பக்கம் சின்னதைக் கொண்டுபோகவே வேண்டாம். கார் சக்கர நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டர் அளவில் தேவைப்படுகிறது, அங்கே அரை அங்குலம்தான் முறை. கால் அங்குலப் பிடியில் குழாயைச் செருகி நீளமாக்கி இழுத்தால், உள்ளே பற்களைப் பிடித்திருக்கும் நாக்கு வழுக்கிவிடும், அல்லது சதுர முனை முறியும். இரண்டுமே முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருக்கும் நொடியில்தான் நடக்கும், விரல் மூட்டு எதிரே உள்ள உலோகத்தில் போய் மோதும். ஒரு கை இழுப்புக்கு அசையாத போல்ட் என்றால் ராட்செட்டைக் கீழே வைத்துவிட்டு, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, நீளப் பிடியை எடுங்கள்.