சங்கா, முத்துச்சிப்பியா?

மன்னார் வளைகுடாவில் இரண்டும் வாழ்கின்றன. இரண்டின் ஓடும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். முத்துச்சிப்பிக்குக் கீல் வைத்த இரட்டை ஓடு. அதன் உட்புறத்தில் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மெல்லிய அரகோனைட் (கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம்) தகடுகள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால்தான் வானவில் மினுமினுப்பு; நிறமி எதுவும் தேவையில்லை. உள்ளே உறுத்தும் பொருளைச் சுற்றி அதே பூச்சு படிந்தால் முத்து.

சங்குக்கு ஒற்றை ஓடு, நடுத்தண்டைச் சுற்றிய சுருள். கடலிலிருந்து எடுத்தவுடன் பார்த்தால் ஏமாற்றமே: பழுப்புத் தோல் மூடியிருக்கும். அதை நீக்கினால் பீங்கான் வெண்மை. தடிமனான ஓடு என்பதால் வளையலாக அறுக்கலாம். வங்காளத்து மணப்பெண்கள் அணிவது அதைத்தான். நாம் அரிதென்று போற்றும் வலம்புரியை விலங்கியல் இடச்சுருள் என்கிறது, அது தனி வேடிக்கை.

மினுமினுப்பில் சிப்பியே வெல்லும். என் ஓட்டு சங்குக்கு.