உம்மாவுக்குத் திறக்கும், எனக்குத் திறக்காது: ரவுட்டரில் மாட்டிய ஹார்ட் டிஸ்க்கோடு ஏழு வருடம்

போன வாரம் ஏர்வாடியில் இருக்கும் மச்சான் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். 2018-இல் நான் வாங்கிய அதே ரவுட்டர், அதே மாடல். பழைய சரக்கைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்களாம். "உங்க வீட்லதான் பின்னாடி ஹார்ட் டிஸ்க்கைச் சொருகி எல்லாரும் பாக்குறீங்களே, நல்லா இருக்கா மச்சான்? வாங்கட்டுமா?" என்று கேட்டிருந்தார். யோசிக்காமல் "வேணாம்" என்று தட்டிவிட்டேன். தட்டி முடிப்பதற்குள் பக்கத்து அறையில் அதே ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வாப்பா எதையோ பார்த்துக்கொண்டிருக்கும் சத்தம் காதில் விழுந்தது. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

வைஃபை எத்தனை வேகம், எத்தனை ஆன்டெனா என்பதெல்லாம் அட்டைப் பெட்டியிலேயே போட்டிருக்கும். அதில் எனக்குக் குறையில்லை. கீழக்கரையில் எங்கள் வீடு பழைய வீடு, சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை முழம். அதையும் தாண்டி மாடிவரை எட்டுகிறது. நான் பேசப்போவது பின்பக்கம் இருக்கும் அந்த ஒரே ஒரு யுஎஸ்பி போர்ட்டைப் பற்றி மட்டும். அதில் ஒரு டிரைவை மாட்டினால் வீட்டில் உள்ள எல்லாக் கருவிக்கும் அது பொதுவாகிவிடும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. பொய் சொல்லவில்லை. டிவிக்குப் பொதுவானது, மூன்று போன்களுக்குப் பொதுவானது. ஆகாமல் நின்றது ஒன்றே ஒன்று: அதை வாங்கி, மாட்டி, செட்டிங்ஸ் எல்லாம் போட்டவனின் லேப்டாப்.

முதல் இரண்டு மாதம் அதுவும் ஒழுங்காகத்தான் இருந்தது. ரன் பெட்டியில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு 192.168.0.1 என்று அடித்தால் ஃபோல்டர் திறக்கும். அப்புறம் வேலை நெருக்கடியில் கொஞ்ச காலம் அந்தப் பக்கம் போகவில்லை. திரும்பப் போனபோது "நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை" என்று ஒரு பிழைச் செய்தி, கூடவே 0x80070035 என்று ஓர் எண். கேபிளை மாற்றினேன், ரவுட்டரை ரீசெட் செய்தேன், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி மாட்டினேன். அதே நேரத்தில் உம்மா ஹாலில் டிவியில் அதே டிஸ்க்கிலிருந்து போட்டோ பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன தம்பி தேடுற? எனக்குத் தெரியுதே" என்றார். அன்று எனக்கு வந்த கோபம் ரவுட்டர் மேலா, உம்மா மேலா என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

காரணம் பிறகுதான் பிடிபட்டது. இந்த ரவுட்டர் கோப்புகளைப் பகிர்வது எஸ்எம்பி 1 என்ற பழைய முறையில். 2017 மே மாதம் கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாக்ரை, பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளையே முடக்கியதே, அது பரவியது விண்டோஸின் எஸ்எம்பி 1 பகுதியில் இருந்த ஓட்டை வழியாக. அதே வருடம் அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து அதைப் படிப்படியாக வெளியேற்ற ஆரம்பித்தார்கள். ஹோம் பதிப்பில் ஒரு விசித்திர ஏற்பாடு: எஸ்எம்பி 1 முதலில் இருக்கும். ஆனால் லேப்டாப் ஓடிய நேரத்தைக் கூட்டி 15 நாள் அதைத் தொடாவிட்டால், சொல்லாமல் கொள்ளாமல் தானே கழன்றுகொள்ளும். என் லேப்டாப்பில் நடந்தது அதுதான். டிவியிலும் போனிலும் விண்டோஸ் இல்லை, அதனால் அவற்றுக்கு இந்தத் தடையும் இல்லை. நான் டிஸ்க்கைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில் டிஸ்க் எந்தத் தப்பும் செய்யவில்லை.

விண்டோஸைக் குறை சொல்ல மாட்டேன். ஓட்டைக் கதவை அடைப்பதுதான் நியாயம். ஆனால் ரவுட்டர் செய்தவர்களைச் சும்மா விடமுடியாது. உள்ளே ஓடுவது சாம்பா என்ற இலவச மென்பொருள். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பவர் 1992-இல் ஆரம்பித்தது; எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் சொல்லைக் கணினியில் இருந்த சொற்பட்டியலில் தேடிப் பிடித்து வைத்த பெயர். (நான் போனில் யாரிடமோ "சாம்பா பழசு, அதான் பிரச்சினை" என்று சொன்னதைக் கேட்ட வாப்பா, "பழைய சம்பாதானப்பா நல்லது, சோறு உதிரியா வரும்" என்றார்.) அந்த சாம்பாவில் எஸ்எம்பி 2 வந்தது 2011-இல், 3.6 பதிப்பில். நான் ரவுட்டர் வாங்கியது அதற்கு ஏழு வருடம் கழித்து! இத்தகைய பெட்டிகளில் நினைவகம் சின்னது, பழைய பதிப்புதான் அடங்கும் என்று ஒரு சமாதானம் உண்டு. சரி, இருக்கட்டும். அதைப் பெட்டியின் மேல் ஒரு வரியில் சொல்லியிருக்கலாமே. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். "கணினியில் ஃபயர்வாலை அணைத்துப் பாருங்கள்" என்று பதில் வந்தது. அடுத்த மெயிலிலும் அதே வரி.

விண்டோஸ் ஃபீச்சர்ஸ் என்ற இடத்துக்குப் போய் எஸ்எம்பி 1 கிளையன்டை மட்டும் டிக் செய்து மறுபடி போட்டுக்கொள்ளலாம். பழைய லேப்டாப்பில் அப்படித்தான் கொஞ்ச காலம் ஓட்டினேன், மனசு ஒப்பாமல். புது லேப்டாப் விண்டோஸ் 11 ப்ரோ, 24எச்2 பதிப்பு. அது இன்னும் கறார்: டிஜிட்டல் கையொப்பமில்லாத இணைப்பை ஏற்காது, கடவுச்சொல் இல்லாத விருந்தாளியையும் உள்ளே விடாது. இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் தளர்த்தி ஒரு பழைய பெட்டிக்காக என் லேப்டாப்பைத் திறந்துபோட முடியுமா? போடவில்லை. இப்போது ரவுட்டரில் இருக்கும் எஃப்டிபி என்ற இன்னொரு கோப்புப் பரிமாற்ற முறை வழியாக, ஃபைல்ஸில்லா என்ற மென்பொருளைப் போட்டுத்தான் பார்க்கிறேன். படிக்கலாம், எடுக்கலாம், போடலாம். ஆனால் ஒரு எக்செல் தாளில் ஓர் எண்ணை மாற்ற, கீழே இறக்கி, திருத்தி, மறுபடி ஏற்ற வேண்டும். இதற்கு ஒரு பென் டிரைவைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறி இறங்கலாம், உடம்புக்காவது நல்லது.

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். போர்ட் யுஎஸ்பி 2.0, உள்ளே இருக்கும் சிப் அதைவிட நிதானம். எனக்கு நொடிக்கு எட்டு, ஒன்பது எம்பி. 40 ஜிபி ஏற்ற ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். படம் பார்க்க அது தாராளம்.

படம் என்றதும் வாப்பா விஷயத்துக்கு வந்துவிட வேண்டும். லாத்தாவின், அதாவது அக்காவின், நிக்காஹ் 1996-இல். அந்த வீடியோ கேசட் பூஞ்சை பிடிக்கிற நிலையில் இருந்ததை மதுரையில் கொடுத்து மாற்றி வாங்கி வந்தேன். ஒரே கோப்பு, ஆறு ஜிபி. முதலில் ஃபேட் 32 என்ற பழைய ஃபார்மட்டில் இருந்த பென் டிரைவில் ஏறவில்லை. அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது. அதற்காகத்தான் ஹார்ட் டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் என்ற வேறு முறையில் ஃபார்மட் செய்து ரவுட்டரில் மாட்டியதே. தமிழில் பெயர் வைத்தால் எங்கள் டிவியில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது, ஆங்கில எழுத்தில் மாற்றி வைத்தேன்.

வாப்பாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவர், ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அமுக்கி, ரவுட்டர் பெயரில் ஒரு பெட்டி தெரிய, அதற்குள் போய், ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து, அவராகவே அந்த வீடியோவைக் கண்டுபிடித்துவிட்டார். பந்தலில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைக் கேமரா மெதுவாகக் காட்டிக்கொண்டே போகும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு முகத்துக்கும் நிறுத்துவார். "இவரு மவுத்தாப் போயிட்டாரு. இவரும் மவுத்து. இந்தா, இவரு மலேசியாவுல இருக்காரு. இவரு மவுத்து." மறுபடி ஓடவிடுவார், மறுபடி நிறுத்துவார். உம்மா அடுப்படியிலிருந்தே, "அந்தப் பச்சைச் சட்டை யாருன்னு கேளு" என்பார். அந்த ஐந்து நிமிடக் காட்சி முக்கால் மணி நேரம் ஓடும். இப்படி நிறுத்தி நிறுத்தி ஓட்டியும் அந்த டிஸ்க் ஒரு தடவைகூடத் திணறியதில்லை. இதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும்.

திணறியது கரண்ட் போகும்போதுதான். இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் நொடியில் கொஞ்சம் கூடுதலாக மின்சாரம் கேட்கும். யுஎஸ்பி 2.0 போர்ட்டில் வருவது 500 மில்லி ஆம்பியர்தான். டிக், டிக் என்று பல்லி கத்துவது போலக் கத்திவிட்டு நின்றுவிடும். தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்கி நடுவில் போட்டேன், அது தீர்ந்தது. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்டிஎஃப்எஸ் குழம்பிவிடும். அடுத்த முறை ரவுட்டர் அதைப் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. கழற்றி லேப்டாப்பில் மாட்டி, பிழை சரிபார்த்து, திரும்ப மாட்ட வேண்டும். ரவுட்டர், ஹப் இரண்டையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றிய பிறகுதான் நிம்மதி.

எங்கள் ஊருக்கென்று தனியாக ஓர் எதிரி உண்டு, உப்பு. ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது ஜன்னல் கம்பியில் விரலை வைத்து நக்கினால் கரிக்கும். சைக்கிள் செயினைத் தின்கிற காற்று யுஎஸ்பி போர்ட்டை விடுமா? இந்த வருடம் டிஸ்க் வந்து வந்து போனது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் நாலு பின்னில் இரண்டு பச்சை பூத்திருக்கிறது. ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். அவர் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, ஒரு பின்னுக்குப் புதிதாக ஈயம் வைத்து, 250 ரூபாய் வாங்கிக்கொண்டார். "இது இன்னொரு ஆடியைத் தாங்காதுண்ணே" என்றும் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து, போர்ட் இருக்கும் பக்கத்தைச் சுவர் பார்க்கத் திருப்பி வைத்தேன். அதனால் பயன் உண்டா தெரியாது. வேறு என்ன செய்ய?

துபாயில் இருக்கும் காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்), "அந்த டிஸ்க்கை இங்கேயிருந்து பாக்குற மாதிரி செய்யேன்" என்று ரொம்ப நாளாகக் கேட்கிறார். ரவுட்டரில் இணையம் வழியாகத் திறக்க ஒரு டிக் பெட்டி இருக்கத்தான் செய்கிறது. தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எஃப்டிபி கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே அனுப்பும். வீட்டுக்குள் பரவாயில்லை, வெளியே கூடாது. அதிலும் அப்டேட் நின்றுபோன பெட்டி. காக்கா வரும்போது ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுப்பேன், கூடவே எங்கள் ஊர் இனிப்பான தொதலும்.

ஆக மச்சான், என் பதிலில் மாற்றமில்லை. லேப்டாப்பில் வேலை பார்க்கிறவர் நீங்கள். இது உங்களைக் கொல்லும். வாங்குவதானால் எஸ்எம்பி 2, 3 ஓடும் என்று தெளிவாக எழுதியிருக்கும் ரவுட்டராகப் பார்த்து, யுஎஸ்பி 3.0 போர்ட் இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள். இதை வாங்காதீர்கள்.

அந்த லிங்க்கை மட்டும் எனக்கு அனுப்பிவையுங்கள். ஸ்டாக் தீர்வதற்குள் ஒன்று எடுத்து வைத்துக்கொள்கிறேன். புது மாடலில் டிவியில் அந்தப் பெட்டி வேறு பெயரில், வேறு இடத்தில் தெரிந்தால் வாப்பா என்னைத்தான் கூப்பிடுவார்.